நடைபாதை, தெருவிளக்கு, அண்டை வீட்டுத் தகராறு: முடிவெடுக்க வேண்டிய மன்றம் எங்கே?

புதுடெல்லி: ஒரு தெருவின் நடைபாதை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், விளக்குக் கம்பம் எங்கே நிற்க வேண்டும், இவற்றால் எழும் சச்சரவை யார் தீர்ப்பது? தேசிய அரசியலின் பரபரப்பில் இக்கேள்விகள் அற்பமாகத் தோன்றலாம். ஆனால், குடிமக்கள் அரசைத் தினந்தோறும் சந்திக்கும் இடம் இதுவே. இந்தக் கேள்விகளை விவாதிப்பதற்கென்று அரசியலமைப்பு ஏற்படுத்திய மன்றங்கள் போதிய அளவில் செயல்படாததால், தெருவில் தீர வேண்டிய பிரச்னைகள் நீதிமன்றப் படியேறுகின்றன.

நடக்கும் உரிமை

கடந்த 2025 மே 14-ஆம் தேதி, நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, முறையான நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறியது. நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

இதற்கான அளவுகோல் ஏற்கெனவே உள்ளது. குடியிருப்புப் பகுதிகளில் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற நடைவழி தேவை என்கின்றன இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்கள். ஆனால், அதே 1.8 மீட்டருக்குள்தான் மின்மாற்றியும் மரமும் காய்கறிக் கடையும் நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனமும் இடம் கேட்கின்றன. எதை அகற்றுவது, எதை இடம் மாற்றுவது என்பதை டெல்லியில் அமர்ந்திருக்கும் நீதிமன்றம் ஒவ்வொரு தெருவுக்கும் சொல்ல இயலாது.

'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உள்ளது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றக் கூடாது. வியாபாரத்துக்கான இடங்களை வரையறுப்பதில் நகர வியாபாரக் குழுவுக்குப் பங்கு உண்டு. அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். இக்குழு கூடாத நகரத்தில், நடப்பவரின் உரிமையும் பிழைப்பவரின் உரிமையும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரு நாள் அகற்றப்படும் கடைகள் மறுநாள் அதே இடத்தில் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சத்துக்கும் விதி வேண்டும்

தெருவிளக்கு என்பது அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை உள்ளாட்சிக்கு உரியதாகப் பட்டியலிட்ட 18 பணிகளுள் ஒன்று. 2015 ஜனவரியில் தொடங்கிய தெருவிளக்கு தேசியத் திட்டம், 1.34 கோடி பழைய விளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றுவதை இலக்காகக் கொண்டது. விளக்குகளைப் பொருத்தும் நிறுவனமே முதலில் முதலீடு செய்து, மிச்சமாகும் மின் கட்டணத்திலிருந்து அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு நிதி நெருக்கடியில் இருந்த நகராட்சிகளுக்கு உதவியது.

எனினும், எத்தனை விளக்கு என்ற கணக்கு, எங்கே எப்படிப்பட்ட விளக்கு என்ற கேள்விக்கு விடையாகாது. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை இடைவெளியின்றி வெளிச்சம் தேவை. அதே விளக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வீசினால் படுக்கையறைக்குள் நுழைந்து உறக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டையும் இசைவிக்க முடியும் என்பதற்கு லடாக்கின் ஹான்லே ஒரு சான்று. அங்குள்ள வானியல் ஆய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 டிசம்பரில் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, யூனியன் பிரதேச நிர்வாகம், தேர்ந்தெடுக்கப்பட்ட லே மலைப்பகுதி மேம்பாட்டு கவுன்சில், இந்திய வான் இயற்பியல் மையம் ஆகியவை முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. விளக்குகளுக்கு மறைப்பு, ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புதல் ஆகியவற்றுடன், கிராம மக்களுக்கு வானியல் சுற்றுலா வழியாக வருவாயும் சேர்க்கப்பட்டது. கட்டுப்பாட்டால் பாதிக்கப்படுவோருக்குப் பலனிலும் பங்கு கிடைத்ததே இந்த ஏற்பாட்டின் வலிமை. நெரிசல் மிகுந்த நகரத்துக்கு ஹான்லேயின் விதிகள் பொருந்தாது. அங்கு பின்பற்றப்பட்ட நடைமுறை பொருந்தும்.

வழக்குக்கு முன் ஒரு வாசல்

இத்தகைய சச்சரவுகளுக்கென 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் 'சமூக மத்தியஸ்தம்' என்ற தனி அத்தியாயத்தைக் கொண்டுள்ளது. ஒரு பகுதியின் அமைதியைப் பாதிக்கக்கூடிய தகராறை, இரு தரப்பின் சம்மதத்துடன், மூவர் கொண்ட மத்தியஸ்தக் குழுவிடம் ஒப்படைக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ, மாவட்ட அல்லது உட்கோட்ட நிர்வாக நடுவரிடமோ இதற்கு விண்ணப்பிக்கலாம். குடியிருப்போர் நலச் சங்கப் பிரதிநிதிகளும் மத்தியஸ்தர் பட்டியலில் இடம்பெறலாம்.

இதில் இரண்டு வரம்புகள் உள்ளன. இவ்வாறு எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோர முடியாது. மேலும், 2023 அக்டோபரில் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டும் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டபோது, இந்த அத்தியாயம் அவற்றில் இடம்பெறவில்லை. நலச் சங்கங்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் குரலாக இருப்பதால், வாடகைதாரரும் வியாபாரியும் மத்தியஸ்தத்தில் சமமாக அமர முடியுமா என்பதும் கவனத்துக்குரியது.

விடுபட்ட கண்ணி

இந்த மூன்றையும் இணைக்க வேண்டிய அமைப்பு வார்டு குழு. 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் இக்குழுக்களை அமைக்கப் பணிக்கிறது. ஆனால் அவற்றின் அமைப்பையும் அதிகாரத்தையும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. 18 மாநிலங்களில் நடந்த தணிக்கைகளைத் தொகுத்து இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆவணம், பட்டியலிலுள்ள 18 பணிகளில் 4 மட்டுமே முழுத் தன்னாட்சியுடன் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்திருப்பதாகக் கூறுகிறது.

நடைபாதைக்கு அளவு உண்டு, விளக்குக்குத் திட்டம் உண்டு, தகராறுக்குச் சட்டம் உண்டு. இவற்றை ஒரே மேசையில் வைத்து, பாதிக்கப்படும் அனைவரையும் அமர்த்திப் பேசும் கூட்டம்தான் இல்லை. வார்டு குழுக்கள் குறித்த நாளில் கூடி, நிகழ்ச்சி நிரலையும் முடிவுகளையும் பொதுவில் வெளியிட்டு, சிறு தொகையையாவது தாமே செலவிடும் அதிகாரம் பெற்றால், உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நடக்கும் உரிமை தெருவுக்கு வந்து சேரும். இல்லையெனில், அது தீர்ப்பின் பக்கங்களிலேயே தங்கிவிடும்.