'இயலாதவர்' என்று எழுதும் முன்

பகாவ், லாபு பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவரா நீங்கள்? அறிவுசார் குறைபாடுள்ள ஓர் அண்ணனையோ அக்காவையோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறப்புக் கல்வி வகுப்பு முடிந்த பிறகு அவர் என்ன செய்கிறார்?

சமூக நல இலாகா இரண்டு உதவித்தொகை தருகிறது. 2021 பட்ஜெட்டில், குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 450 ரிங்கிட் என அறிவித்தார்கள். வேலை செய்ய இயலாதவருக்கு 300 என்றார்கள். வேலைக்குப் போனால்தான் தொகை கூடும். ஆனா, தோட்டத்துல வேலை எங்க இருக்கு? பயிற்சி தரும் பி.டி.கே. மையம் டவுனில். கூட்டிட்டுப் போக ஆள் இல்லை. அம்மா விடியும் முன்னே மரத்துக்குப் போயிடுறாங்க. கடைசியில் பாரத்தில் 'இயலாதவர்' என்று எழுதிவிடுகிறோம். அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை.

சட்டம் கைகொடுக்குமா? 2008-இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளைச் சொன்னது; மீறுவோருக்குத் தண்டனை வைக்கவில்லை. அரசு வேலையில் 1 விழுக்காடு ஒதுக்கீடும் கொள்கை அளவில்தான்.

இலாகாவின் 'ஜாப் கோச்' திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கீங்களா? பயிற்றுநர் வேலையிடத்துக்கே வந்து, சாமான் அடுக்குவதோ பாத்திரம் கழுவுவதோ, படிப்படியாகச் சொல்லித் தருவார்; முதலாளியிடமும் பேசுவார். அண்ணனோட ஓகேயு அட்டையை எடுத்துக்கிட்டு மாவட்ட அலுவலகத்துல அதைக் கேளுங்க. மலாய் பாரத்தை நிரப்ப அம்மாவுக்குத் தயக்கம் இருக்கலாம். உங்களுக்கு இருக்காது.