கொல்லிமலை ஏறிய பாட்டி

பணி ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குப் பெட்டி கட்டுவதுதான் வழக்கம். எவ்லின் பிராண்டும் பெட்டி கட்டினார். ஆனால் அவர் கிளம்பியது பிறந்த ஊரான லண்டனுக்கு அல்ல, கொல்லிமலைக்கு.

நாடு சுதந்திரம் அடைந்த காலம் அது. அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. 'இந்த வயதில் இனி வேண்டாம்' என்று மிஷன் நிர்வாகம் சொல்லிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வருடம் மட்டும் கொடுங்கள், அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன் என்று கேட்டு வாங்கினார். வருடம் முடிந்தது. சக ஊழியர்கள் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். அப்போதுதான் அவர் விஷயத்தை உடைத்தார்: மிஷனில் இருந்து ஓய்வு பெறுகிறேன், இந்தியாவில் இருந்து அல்ல. மலையில் சின்னதாக ஒரு வீட்டுக்கு ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்!

கிறிஸ்தவர்கள் 'கடவுளின் அன்பை ருசித்தவர்கள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது' என்று சொல்வதுண்டு. மேடையில் சொல்ல எளிதான வார்த்தை. அது ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்லிமலைக்குத்தான் போக வேண்டும். சென்னிமலையில் இருந்து ஒரு பகல் பயணம். ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டினால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கையையும் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பாதையில்தான் ஏறுகிறார்கள். எவ்லின் முதலில் ஏறியபோது இந்தச் சாலை இல்லை. நடை, இல்லாவிட்டால் டோலி.

வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். ஜெஸ்ஸி பிராண்டோ கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்திருந்தார். இருவருக்கும் 1913-ல் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. உடனே மலை வாழ்க்கை. மலேரியா பரவிய காலம் என்பதால் சமவெளிக்காரர்கள் அங்கே தங்கவே பயப்படுவார்கள்.

வருடங்கள் ஓடின. மருந்து வாங்க மக்கள் வந்தார்கள். அவர்கள் சொன்ன இயேசுவைக் கேட்க யாரும் வரவில்லை. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது. தன் ஊரையும் தன் தெய்வத்தையும் காப்பது தன் கடமை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

1918-19-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. பயத்தில் நோயாளிகளை விட்டு விலகி ஓடியவர்கள் உண்டு. பிராண்டு தம்பதி அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பூசாரி வீட்டிலும் கணவன் மனைவி இருவரும் படுத்த படுக்கை. ஜெஸ்ஸி அங்கேயும் போனார். பூசாரி பிழைக்கவில்லை. சாவதற்கு முன் தன் கைக்குழந்தையை, மகளை, அவர்களிடமே வளர்க்கக் கொடுத்துவிட்டார். தன் சொந்த மனிதர்கள் எட்டிப் பார்க்காத நேரத்தில் வந்தவர்கள் யார் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

மலை மக்கள் இவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கேட்டவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் ஆகிவிடவில்லை. கொல்லிமலையில் இன்றும் பெரும்பாலோர் தங்கள் குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆகாதவர்களுக்கு மருந்து நிறுத்தப்படவும் இல்லை. அன்பு என்பது தூண்டில் புழுவாக இருந்திருந்தால் அது நின்றிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி என்ற நோய் அன்று ஊர் ஊராக இருந்தது. படி இறங்கிக் கால் நனைத்து மொண்டு குடிக்கும் கிணறுகளில் இருந்து பரவும். மெல்லிய நீளப் புழு, காலில் கொப்புளம் உடைத்துத் தலை காட்டும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் பிடிக்கும். அதனால் ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். சென்னிமலையில் தார் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும், அவசரப்பட்டால் இழை அறும். ஜெஸ்ஸி புழுவைச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், யாரும் தண்ணீருக்குள் கால் வைக்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல் சுவரும் எழுப்பினார். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்த நோயற்ற நாடாக அறிவித்தது 2000-ல்தான். இந்தத் தம்பதி வேலையைத் தொடங்கியது அதற்கு எத்தனையோ பத்தாண்டுகளுக்கு முன்பு.

1929-ல் ஜெஸ்ஸி ஒரு கொடிய காய்ச்சலில் இறந்தார். நாற்பத்து நான்கே வயது. மகன் பால், மகள் கோனி இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா எழுதிய கடிதங்களோ கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. ஒரு சிறுவன் அந்த உறைகளை எப்படிப் பிரித்திருப்பான்!

எவ்லின் உடைந்து போனார். கப்பலில் இருந்து கூன் விழுந்து இறங்கிய பெண்ணைத் தன் அம்மா என்று நம்பவே பாலுக்குக் கஷ்டமாக இருந்ததாம். கடவுளின் அன்பு என்று பேசி வந்தவருக்கு அந்த நாட்களில் அது எங்கே போயிற்று என்று யார் கேட்டாலும் நியாயமே. அவர் பதிலாக எதையும் வாதாடவில்லை. திரும்பி இந்தியாவுக்கு வந்தார். கணவரோடு கனவு கண்ட மலைகளைச் சமவெளியில் இருந்து பார்த்துக்கொண்டே வேறு ஊர்களில் வேலை செய்தார். அந்த ஓய்வு விழா வரைக்கும்.

பிறகு நடந்தது வேடிக்கையான கணக்கு. 'வயதாகிவிட்டது' என்று நிறுத்தப்பட்டவர் அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தார். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன்மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் ஏறினார். விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார். மகன் பால் அதற்குள் வேலூர் சி.எம்.சி.யில் பெயர் பெற்ற அறுவை மருத்துவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் திரும்ப விரிய வைத்தவர். அவரே மலை ஏறி வந்து, போதும் அம்மா, ஓய்வெடுங்கள் என்று கெஞ்சினார். நான் போய்விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுபோலக் கேட்டு அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நம் வீட்டு அப்பத்தாக்கள் காட்டைக் குத்தகைக்கு விட மறுத்துப் பேசும் அதே குரல்தான்.

கடைசி இருபது வருடம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். வெயிலும் காய்ச்சலும் வாட்டிச் சுருக்கம் விழுந்த முகம். ஆனால் ஊர்க் குட்டிச்சுவரில் உட்கார்ந்து, சுற்றி நின்ற மக்கள் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபோது, அந்த முகத்தைவிட அழகான ஒன்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் ஓவியம் பயின்ற பெண் அவர், அழகு எது என்று தெரியாதவர் அல்ல.

1974 டிசம்பரில், 95 வயதில் எவ்லின் இறந்தார். மலைக்குக் கொண்டுபோய், நாற்பத்தைந்து வருடங்களாகக் காத்திருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.