சாலையில் அறம்

வலிமை மிகுந்தோர்க்குப் பொறுப்பும் மிகுதி என்பது சான்றோர் கொள்கை. அது சாலைக்கும் பொருந்தும்.

பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி வழியே செல்கின்றது. தொழிற்சாலைகள் மிகுந்த அப்பகுதியில் லாரிகளும் கார்களும் விரைகின்றன. மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவரும் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் அங்கு உளர்.

மிதிவண்டிமீது கார் மோதியதாயின், “அவன் வந்ததை நான் காணவில்லை” என்று காரோட்டி கூறுவதுண்டு. காணாமைக்குக் காரணம் யாது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 3 நொடியில் 50 மீட்டரைக் கடக்கும். அந்நொடிகளில் அவர் கைப்பேசியை நோக்கியிருப்பின், அத்தொலைவு முழுதும் கண்மூடிச் சென்றவரே ஆவார். ஆகவே, ‘காணவில்லை’ என்னும் சொல் குற்றத்தைப் போக்காது, அதனை உறுதிப்படுத்தும்.

மிதிவண்டி ஊர்வோரிடம் பிழையே இல்லையோ எனின், உண்டு. இரவில் விளக்கின்றிச் செல்லுதலும், எதிர்த்திசையில் வருதலும் பிழையே. ஆயினும், அப்பிழையால் பெரிதும் துன்புறுவோர் அவரே. காரோட்டியின் பிழையோ பிறர் உயிரைக் கவரும். இரண்டையும் ஒரு நிறையாகக் கொள்ளுதல் நடுவுநிலைமை ஆகாது.

2019ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், கைப்பேசியைக் கையிற்கொண்டு வண்டி ஓட்டுதலை ஆபத்தாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. நெதர்லாந்து நாட்டிலோ, மிதிவண்டியில் செல்லும் 14 வயது நிரம்பாத சிறுவர்மீது கார் மோதினால், இழப்பீட்டுப் பொறுப்புப் பொதுவாக முழுதும் காருக்குரியவரையே சாரும்.

சட்டம் விபத்து நேர்ந்தபின் வருவது. கவனமோ அதற்குமுன் காப்பது. இன்று மிதிவண்டி ஊரும் மாணவர் நாளை கார் ஓட்டுவர். அன்று அவர்தம் கண் சாலையைவிட்டு அகலாதிருத்தல் வேண்டும்.