பெயர் நீளமா, பெட்டி குறுகலா?

தமிழ் எழுத்து கணிப்பொறிக்கு ஒத்துவராது என்று கூறுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவருள் சிலர் தமிழாசிரியர்களே என்பதுதான் வருந்தத்தக்கது. மாணவர் பதிவேட்டைத் தமிழில் நிரப்ப முற்பட்டு, இரண்டொரு முறை தடுமாறியதும், "ரோமன் எழுத்திலேயே தட்டிவிடுவோம்" என்று கைவிட்டுவிடுகின்றனர்; பழியை மொழியின் தலையில் ஏற்றிவிடுகின்றனர். அப்பழிக்கு உரியவர் படிவ நிரலை எழுதியவரே என்பது என் வாதம்.

முத்துக்குமரன் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணக் கணக்கில் அது 8 எழுத்து. யூனிகோட் முறையில் கணிப்பொறி அதனை 14 குறியீடுகளாகச் சேமிக்கிறது; புள்ளிக்கு ஓரிடம், உகரக் குறிக்கு ஓரிடம் எனத் தனித்தனியே கொள்கிறது. நிரலாளர் உரைப்பெட்டியின் உச்ச அளவை 10 என்று விதித்துவிட்டால், 8 எழுத்துப் பெயர் உள்ளே அடங்காது. 'முத்துக்கு' என்ற அளவில் பெட்டி கதவடைத்துவிடும். பையன் நான்காம் வேற்றுமையாகி நிற்பான்! கேட்டால், "தமிழ்ப் பெயர்கள் நீளம், ஐயா" என்று விடை வருகிறது. பத்தெழுத்துக்கு இடம் என்று சொல்லி எட்டெழுத்தைக்கூட ஏற்க மறுப்பது எவ்வகை நியாயம்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பெயர்ப் பெட்டியில் எண் முதலியன புகாதிருக்க, தட்டப்படும் ஒவ்வொன்றையும் "நீ எழுத்தா?" என்று வினவும் காவலை நிரலாளர் வைப்பதுண்டு. டாட்நெட்டில் அதற்கெனவுள்ள 'இஸ்லெட்டர்' கட்டளை, ககரத்தை எழுத்தென ஏற்கும். இகரக் குறியையும் புள்ளியையும் எழுத்தல்ல என்று தள்ளும். யூனிகோட் அவற்றைச் சார்ந்து வரும் குறிகள் என்னும் வேறு வகையில் வைத்திருப்பதே காரணம். ஆகவே, இக்காவலின் முன் 'தமிழ்' என்று தட்டினால் 'தமழ' என்று நிற்கும். அக்குறிகளின் வகையையும் ஏற்குமாறு நிபந்தனையை விரித்தால் தீர்ந்தது. அதைச் செய்யாதவர், தம் நிரலை ஒருமுறையேனும் தமிழில் தட்டிப் பார்க்கவில்லை என்றே பொருள்.

இனி, குவியம். திரையில் பெட்டிகள் பல இருப்பினும், விசைகள் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்கே உண்டு. அவ்வுரிமையே குவியம் எனப்படும். நம் பள்ளிப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில் பெயர் எழுத ஒரு பெட்டி; அதனையடுத்துத் தமிழில் எழுத மற்றொன்று. டேப் விசையைத் தட்டக் குவியம் தமிழ்ப் பெட்டிக்குத் தாவும். விசைப்பலகையோ ரோமனிலேயே நிற்கும். ஆசிரியர் கைப்பட மாற்றவேண்டும். அடுத்த மாணவருக்கு மீண்டும் திருப்பவேண்டும். 40 மாணவர் கொண்ட வகுப்புக்கு 80 முறை! சலிப்பு வாராமல் என்ன செய்யும்?

பெட்டிக்குக் குவியம் வரும்போது எழும் நிகழ்வில் தமிழ் விசைப்பலகைக்கு மாறவும், அது நீங்கும்போது பழையதற்குத் திரும்பவும் சில வரிகள் எழுதினால் இத்தொல்லை இல்லை. (விண்டோஸ் படிவங்களில் அந்நிகழ்வின் பெயரும் 'என்டர்'தான். என்டர் விசையோடு மாணவர் அதனைக் குழப்பிக்கொள்ளவேண்டா.) தமிழ் விசைப்பலகை அக்கணிப்பொறியில் நிறுவப்பட்டுள்ளதா என்று முதலில் சோதித்து, இல்லையெனில் பயனருக்குத் தெரிவிப்பது முறை.

"தமிழில் விசைப்பலகைகள் பல, எதை நம்புவது?" என்று சிலர் நழுவுவர். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 தரப்படுத்தப்பட்டது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கும். ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர் அதனையே கொள்ளட்டும்; நிரலுக்கு இரண்டும் ஒன்றே. 1980களிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கிவிட்டார். அதன் பின்னும் 'முடியாது' என்பதைச் செவிமடுத்துக் கொண்டிருப்பது நமக்கு அழகா?

ஆசிரியப் பெருமக்களே, பள்ளிக்குப் படிவ நிரலை விற்க வருவோரிடம் வண்ணத்தையும் வரைபடத்தையும் பார்த்து மயங்கவேண்டா. முத்துக்குமரன் என்று அவரையே தட்டிக்காட்டச் சொல்லுங்கள். சுட்டெலியைத் தொடாமல், விசைப்பலகையை மாற்றாமல், டேப் விசை ஒன்றாலேயே அடுத்தடுத்த பெட்டிகளை நிரப்பச் சொல்லுங்கள். அவர் 'அடுத்த பதிப்பில் சரிசெய்வோம்' என்றால், பணமும் அடுத்த பதிப்பின்போதே தரப்படும் என்று சொல்லி அனுப்புங்கள்.