எழுபதிலும் மனம் திறக்கும்

"எழுபது வயதில் பழையதைக் கிளறி என்ன பயன்? தூக்க மாத்திரை போதும்" என்கிறார்கள். ஏற்க முடியாது.

ஐம்பதை நெருங்கியவர்களின் மனம் வளையாது என்று 1904இல் சொன்னவர் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு. அப்போது அவருக்கே வயது 48. நோயாளியின் வயதைவிட நோயின் வயதே முக்கியம் என்று 1919இல் எழுதினார் அவருடைய சீடர் கார்ல் ஆபிரகாம்.

மைசூரு அக்ரஹாரத்தில், மனைவி போன பிறகு நள்ளிரவில் எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். மாத்திரை தூங்க வைக்கும். சிறுவயதில் தாயை இழந்த பயம் இப்போது ஏன் விழித்தது என்று அது கேட்காது. அதை வாரம்தோறும் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். மகன்மீதுள்ள கோபம் இளம் சிகிச்சையாளர்மீது பாய்ந்தால், அதுவும் சிகிச்சைக்கு உதவும்.

மூட்டுவலிக்கு அப்பாவை அழைத்துப்போகிறோம். மனவலிக்கும் அழைத்துப்போவது நம் கடமை.