எட்டாத மருந்து

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் உட்கொண்டும் நீங்காத மனச்சோர்வுக்கென எஸ்கெட்டமின் எனும் மூக்கில் தெளிக்கும் மருந்தை அமெரிக்கா 2019இல் அங்கீகரித்தது. செல்வம் மிக்க பிரித்தானியாவின் மதிப்பீட்டுக் கழகமே, பெறும் பயனுக்கு அதன் விலை தகுமா என ஐயுற்று, 2022இல் அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. எமது கமக்காரர் எம்மாத்திரம்!

இது புதுச் சரக்கன்று. 1970 முதல் சத்திரசிகிச்சைக் கூடங்களில் மயக்கமருந்தாக வழங்கிவரும் கெட்டமினில் கலந்துள்ள இரு வடிவங்களுள் ஒன்றே இது. தாய்ச்சரக்கோ மலிவு, அதன் காப்புரிமை என்றோ முடிந்தது. ஆகவே அதனை மனச்சோர்வுக்கெனப் பதிவு செய்விக்க வர்த்தகருக்கு ஆவலில்லை. 2023இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், நோயாளிக்கேற்ப அளவு கூட்டிக் கெட்டமின் ஊசியேற்றப்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நோய் நீங்கப்பெற்றனர். ஒப்பீட்டு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு இருவரே. ஆயினும் கெட்டமின் வீட்டில் வைத்து உபயோகிக்கும் மருந்தன்று. இரத்த அழுத்தத்தை ஏற்றும், அடிமையாக்கவும் கூடும்.

மற்றொன்று லிதியம். மனநோய்க்கு அதன் பயன் 1949 முதல் அறியப்பட்டது. ஏனைய மருந்தோடு சேர்த்துக் கொடுப்பர். இரத்தப் பரிசோதனை தவறலாகாது.

வர்த்தகப் பெயரை விடுத்து மருந்தின் பெயராலேயே வாங்கும் வழியைச் சேனக பிபிலே காட்டிய நாடு இது. அவர் தலைமையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் 1971இல் எழுந்தது. பூச்சிநாசினிப் போத்தல் கைக்கெட்டும் தூரத்திலுள்ள கமக்காரன் வீட்டுக்கு இம்மருந்துகள் எட்டலாகாதா? மாவட்ட ஆஸ்பத்திரிகளில் லிதியமும் அதனை அளக்கும் பரிசோதனையும் தடையின்றிக் கிடைக்கவும், மனநோய் வைத்தியரும் மயக்கமருந்து வைத்தியரும் சேர்ந்து கெட்டமின் கொடுப்பதற்கு விதிகள் வகுக்கவும் சுகாதார அமைச்சைக் கோருகின்றோம்.