பேணியில் ஊற்றிய தேநீரும் நமது கொழுந்தும்



மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது பிழைப்புக்காகச் சுன்னாகத்தில் இருக்கிறேன். மாலையில் வேலை முடிந்தால் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போவது வழக்கம். 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பிறகு மீளக் கட்டப்பட்ட அதே நூலகந்தான். கடந்த சில மாதங்களில் வாசித்த நாலு புத்தகங்களைப் பற்றி என் மனதில் பட்டதை எழுதுகிறேன். நான் விமர்சகன் அல்ல, சந்தா கட்டும் ஒரு தொழிலாளியின் மகன்.

முதலில் கே. டானியலின் 'பஞ்சமர்'. 1972இல் வந்த நாவல். ஆனைக்கோட்டையில் பிறந்த டானியல், யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை உள்ளே இருந்து அனுபவித்து எழுதியவர். ஒடுக்கப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் விடவில்லை, தேநீர்க்கடை வாங்கில் இருக்க விடவில்லை. கடைக்கு வெளியே நின்றால் போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். 1957இல் இதற்கு எதிராகச் சட்டம் வந்தும் ஒன்றும் அசையவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்ட பிறகுதான், கடைக் கதவுகளும் கோயில் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. நான் தினமும் பஸ் ஏறும் ஊர் அது.

இதை வாசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பேணிக்குள் இருந்தது நம் ஆச்சிமார் அட்டைக்கடியோடு பறித்த கொழுந்து. பறித்தவளுக்கு நாட்டில் பிரஜாவுரிமை இல்லை. குடித்தவனுக்கு ஊரில் வாங்கு இல்லை. இந்த இரண்டு சனமும் ஒருவரையொருவர் அறியாமலேயே இருந்தார்கள். இங்கே 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் சாகவில்லை. நம் பிள்ளைகளை வீட்டு வேலைக்குக் கூட்டிவந்து வைத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் மறக்கவும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தார் எல்லோரும் ஒரே யாழ்ப்பாணத்தார் அல்ல என்பதைப் 'பஞ்சமர்' எனக்குக் காட்டியது.

அடுத்து நமது சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்'. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போன தொழிற்சங்கக்காரர் அவர். தோட்டத்தில் சங்கம் கட்டப் போன தொழிலாளியின் கதை இது. பற்றுச்சீட்டு கொடுத்தால் வேலை மட்டுமா போகும்? லயன் காம்பறாவும் சேர்ந்தே போகும். தலைப்பிலேயே முழு அநியாயமும் இருக்கிறது. நடை எளிமை, சில இடங்களில் அவசரம். நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவரான வைத்தியர் நந்தி நம் மக்களைப் பற்றி எழுதிய 'மலைக்கொழுந்து' நாவலையும் பார்த்தேன். வெளியாள் ஒருவர் அக்கறையோடு எட்டிப் பார்த்த பார்வை. அதற்கு மேல் என்னைப் பிடித்து வைக்கவில்லை.

பிடித்து உலுக்கியது 'எரியும் பனிக்காடு'. தமிழ்நாட்டு ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்து தொழிற்சங்கமும் கட்டிய பி.எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். மேஸ்திரி முன்பணத்தைக் காட்டி ஊரில் இருந்து கூட்டிப்போகிறான், அந்தக் கடன் ஒருநாளும் தீர்வதில்லை. மேஸ்திரி என்ற இடத்தில் கங்காணி என்று போட்டுக்கொண்டால் நம் பாட்டன் கதைதான். இங்கே துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். கடன்காரச் சீவியம் அதோடு ஒழியவில்லை என்பது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். துரையையும் கங்காணியையும் நாம் துணிந்து எழுதியிருக்கிறோம், நமக்குள்ளே இருக்கும் சாதியை அவ்வளவு துணிந்து எழுதவில்லை. எந்தச் சாதிக்கு எந்த லயன் என்று பிரித்தது துரைமட்டுமா? திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, கலியாணத்தில் யார் வீட்டில் கை நனைப்பது என்ற கணக்கு இன்னும் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் ஒன்றாக நிற்பவர்கள் கோயிலடியில் பிரிந்து நிற்கிறார்கள். டானியல் தன் ஊரைப் பற்றி எழுதியதுபோல நம் ஊரைப் பற்றி ஒருவர் எழுதினால், அதை முதலில் அச்சிட வேண்டியது இந்தச் சங்கம்தான் என்பேன்.

தோட்டக் கமிட்டிகள் சந்தாவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி இந்த நாலில் இரண்டையாவது வாங்கி வைக்கலாம். 'பஞ்சமர்' வாசிக்கும்போது யாழ்ப்பாணப் பேச்சு முதல் நாற்பது பக்கம் வரை இடறும். தோட்டப் பாடசாலையில் வடக்கில் இருந்து வந்து படிப்பிக்கிற ஆசிரியர் இருந்தால், புரியாத சொல்லை அவரிடமே கேளுங்கள். அவரும் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கிறாரா என்று சேர்த்துக் கேளுங்கள்.